ஹீட்டர் ஓடுகிறது, வீடு குளிர்கிறது

நிலவு இரவு, 5ஆம் நாள். காலை 06:20

காலையில் எழுந்ததும் முதல் வேலையாகத் தாவூதின் கால் விரல்களைத் தொட்டுப் பார்த்தேன். ஜில்லென்று இருந்தன. அவனுடைய இரண்டு ஜோடி சாக்ஸுக்கு மேல் என்னுடையதையும் மாட்டியிருக்கிறேன். அப்படியும் இந்த நிலை. பிறகு ஹீட்டரின் முன் கையை நீட்டினேன். சூடான காற்று வந்தது. சுவர்த் திரையில் 22 டிகிரி. எல்லாம் ஒழுங்கு.

பின்னால் படிப்பவருக்காக: நான் செண்பகவல்லி, வெப்பப் பொறியாளர், வயது நாற்பத்து நான்கு, ஊர் கோவில்பட்டி. உடன் இருப்பவன் தாவூது, பாறை ஆய்வாளன், காயல்பட்டினம். இந்த வீட்டில் நாங்கள் இருவர்தான். நிலவில் பகல் இரண்டு வாரம், இரவு இரண்டு வாரம். இரவு தொடங்குவதற்கு முந்தைய நாள் துளையிடும் இயந்திரம் சரிந்து தாவூதின் தொடை எலும்பு முறிந்தது. நிறைய ரத்தம் போயிற்று. எலும்பைச் சேர்த்துக் கட்டி உள்ளறையில் படுக்க வைத்திருக்கிறேன். பூமியிலிருந்து மருத்துவர் வற்புறுத்திச் சொன்னது ஒன்றுதான். உடம்புச் சூடு குறையக் கூடாது.

இன்று காலை 35.9.

5ஆம் நாள். 11:40

கட்டுப்பாட்டு அறைத் தலைவர் சிதம்பரநாதனிடம் பேசினேன். ஒலிப்பதிவிலிருந்து எழுதுகிறேன்.

"சார், ஹீட்டர் ஓடியும் வீடு குளிருது."

"என்னம்மா, இங்க திரையில இருபத்திரண்டுன்னு காட்டுது. எங்க ஆபீஸ் ஏசி இருபத்திநாலுலதான் ஓடுது. எங்களுக்குத்தான் வேர்க்குது."

"காத்து இருபத்திரண்டு சார். தாவூதுக்கு உடம்புச் சூடு எறங்கிக்கிட்டே இருக்கு."

"அடிபட்ட உடம்பு, அப்படித்தான் இருக்கும். உங்களுக்குக் குளிருதுன்னா... பொம்பளைங்களுக்குக் கொஞ்சம் கூடுதலாத்தான் தெரியும். எங்க வீட்ல மார்கழி வந்தா கம்பளியோடதான் சமையல். ஸ்வெட்டர் போட்டுக்குங்கம்மா."

அவருக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள். பூமியிலிருந்து குரல் வந்து சேர ஒரு நொடிக்கு மேல் ஆகும். சிரிப்பும் அதே தாமதத்தோடு, குறையாமல் வந்து சேர்ந்தது.

6ஆம் நாள். 07:05

கோபத்தோடு தூங்கினால் ஒரு நன்மை உண்டு. காலையில் மூளை நேராக வேலைக்குப் போகிறது.

தூரத்திலிருந்தே சூட்டை அளக்கும் துப்பாக்கி மானியை உள்ளறைச் சுவரை நோக்கிப் பிடித்தேன். உறைநிலைக்குக் கீழே ஒன்பது டிகிரி. தாவூதின் கட்டிலை இழுத்தேன். அதன் பின்னால் சுவரில் உள்ளங்கை கனத்துக்குப் பனிக்கட்டி. எங்கள் மூச்சுதான் அங்கே போய்ப் படிந்திருக்கிறது.

சித்திரை மாதம் தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஃபேன் முழு வேகத்தில் ஓடும், காற்று வரும், ஆனாலும் கூரையின் அனல் தலையில் இறங்கிக்கொண்டே இருக்கும். இங்கே அதே கதை தலைகீழ். காற்று சூடாகத்தான் இருக்கிறது. சுவர் நம் உடம்பிலிருந்து சூட்டை உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. திரையில் தெரியும் 22 ஹீட்டரின் வாய்க்கு எதிரே இருக்கும் மானி சொல்வது. அடுப்பின் மேல் கையை வைத்துக்கொண்டு ஊர் முழுக்கச் சூடு என்பது போல.

சுவர் ஏன் குளிர்கிறது? இந்த வீட்டின் சுவர்களுக்குள் குழாய்கள் ஓடுகின்றன. அவற்றில் அம்மோனியா. பகலில் அது வீட்டுச் சூட்டை வாங்கி ஆவியாகி வெளியே இருக்கும் தகடுகளுக்குப் போய், சூட்டை விண்வெளியில் விட்டுவிட்டுத் திரும்பும். பம்ப் கிடையாது, வால்வு கிடையாது, தானாகவே நடக்கும். இரவில் தகடுகளின் மேல் ஷட்டர் மூடிக்கொள்ள வேண்டும். திரையில் "ஷட்டர்: மூடியது" என்றுதான் இருக்கிறது.

வெளியே கம்பத்தில் இருக்கும் கேமராவைத் தகடுகளின் பக்கம் திருப்பினேன். வெளியே நிற்கும் எங்கள் வண்டியின் முகப்பு விளக்கை உள்ளிருந்தே போட்டேன். ஷட்டரின் பலகைகள் அத்தனையும் திறந்து நிற்கின்றன.

திரை காட்டுவது நாம் இட்ட கட்டளையை. பலகை கட்டளையைக் கேட்டதா என்று யாரும் அதனிடம் கேட்பதில்லை.

6ஆம் நாள். 09:30

இந்தப் பிழை எங்கே பிறந்தது என்று எனக்குத் தெரியும். வீட்டை வடிவமைத்த கூட்டத்தில் ஒரு கேள்வி வந்ததாம்: மின்சாரம் போனால் ஷட்டர் எந்த நிலையில் நிற்க வேண்டும்? மேசையைச் சுற்றி இருந்த எல்லோரும் ஒரே குரலில் "திறந்து" என்றார்களாம். பின்னே? கரண்ட் போனால் நம் ஊரில் எல்லோரும் முதலில் செய்வது ஜன்னலைத் திறப்பதுதானே. வேர்வையில் வளர்ந்தவர்கள் வேர்வைக்குப் பயந்து கட்டிய வீடு இது. மின்சாரம் விட்டுப்போனால் ஒரு சுருள்வில் அந்தப் பலகைகளைத் திறந்தபடி பூட்டிவிடும். மோட்டாரால் மட்டுமே மறுபடி மூட முடியும், கையால் அசையாது.

நான் அந்தக் கூட்டத்தில் இல்லை. இருந்திருந்தால் நானும் "திறந்து" என்றுதான் சொல்லியிருப்பேன். எரிச்சலில் பாதி அதனால்தான்.

6ஆம் நாள். 12:15

"சார், ஷட்டர் தெறந்து கெடக்கு. கேமராவுல பாத்தேன்."

"ஆமாம்மா. தெரியும்."

"தெரியுமா?"

"ராத்திரி ஆரம்பிச்ச அன்னைக்கு பேட்டரிக்கு மாத்தும்போது கரண்ட் ஒரு நிமிஷம் போச்சு. அப்பவே மோட்டார் எரிஞ்சிருச்சு. சொன்னா நீங்க பதட்டப்படுவீங்க. அதான் ஹீட்டர ஃபுல்லா வச்சோம்."

"அப்போ நேத்து ஸ்வெட்டர் போடச் சொன்னது?"

"அதுவும் நல்லதுக்குத்தான சொன்னேன்."

"நாங்க பூமிக்குத் திரும்பி வர்ற கலத்தோட பூட்ட அங்கேருந்து எடுத்துவிடுங்க சார். நான் தாவூத ஏத்திக்கிட்டுக் கெளம்புறேன்."

"அது முடியாதும்மா. வீடு காலியா இருந்தா அடுத்த குழுவ அனுப்ப அனுமதி தர மாட்டாங்க. ஆறு பேர் தயாரா இருக்காங்க. இன்னும் எட்டு நாள் சமாளிங்க. சூரியன் வந்தா தானா சரியாயிரும்."

"எட்டு நாள் தாவூது தாங்க மாட்டான்."

"அபசகுனமாப் பேசாதீங்கம்மா."

இணைப்பைத் துண்டித்தேன். அபசகுனம். விரல் நீலம் பாய்ந்து கிடப்பது தப்பில்லை, அதை வாயால் சொல்வதுதான் தப்பு.

7ஆம் நாள். 08:10

இருந்த வெள்ளித் தாள் முழுவதையும் உள்ளறைச் சுவரில் ஒட்டிவிட்டேன். சுவரில் பாதிக்குத்தான் போதுமானதாக இருந்தது. கட்டிலை நடுவே இழுத்துப் போட்டேன். நேற்று மாலையிலிருந்து அவன் முதுகோடு என் முதுகை ஒட்டிப் படுக்கிறேன். அவன் நடுக்கம் என் எலும்பில் கேட்கிறது.

சமையல் மூலையிலிருந்து இன்டர்காமில் பேசிக்கொண்டிருந்தேன். இதுவும் பதிவாகியிருக்கிறது.

"ஏக்கா, ஹீட்டர் ஓடுதா?"

"ஓடுது தம்பி."

"அப்போ நாந்தான் நிக்கப்போறேன் போல."

"வாய மூடிட்டுப் படு."

"மூடுனா பல்லு தந்தியடிக்கிறது உங்களுக்குக் கேக்காதுல்லா. கேக்கலன்னா நீங்கதான் பயந்துருவீங்க."

"கஞ்சி கொண்டாறேன்."

"எங்க ஊர்ல ஒருத்தன் ஸ்வெட்டர் கடை போட்டான்க்கா. மூணே மாசம். கடையப் பூட்டிட்டு, வித்தது போக மிச்சத்த மீன் ஐஸ்பெட்டிக்குச் சுத்திட்டுப் போய்ட்டான். அவன இங்க அனுப்பணும்."

"அனுப்பச் சொல்லுதேன்."

"முதுகோட முதுகு வச்சுப் படுத்தத மட்டும் ராபியாட்ட சொல்லிராதீங்க. அவ சிரிச்சே செத்துருவா."

ராபியா அவன் மனைவி. கல்யாணமாகி ஒரு வருடம் ஆகிறது.

கஞ்சியில் பாதிதான் குடித்தான். உடம்புச் சூடு 34.4.

7ஆம் நாள். 16:45

நடுக்கம் நின்றுவிட்டது.

முதலில் நிம்மதியாக இருந்தது. பிறகுதான் உறைத்தது. நடுங்கக்கூட உடம்பில் சூடு மிச்சமில்லை. 33.6. பேச்சு குழறுகிறது. தன் அம்மா என்று நினைத்து என்னை ஒருமுறை "உம்மா" என்று கூப்பிட்டான். திருத்தவில்லை. வெந்நீர் நிரப்பிய பைகளை அவன் அக்குளில் வைக்கிறேன். வைத்த கொஞ்ச நேரத்தில் பைகள்தான் ஆறுகின்றன.

எனக்கும் இடது கையின் இரண்டு விரல்களில் உணர்வில்லை. தட்டச்சு பிழையாக வரும். திருத்தப்போவதில்லை.

திரை: 22 டிகிரி.

8ஆம் நாள். 07:30

சிதம்பரநாதன் அவராகவே அழைத்தார். குரலில் நல்ல உற்சாகம்.

"அம்மா, ஒரு சின்ன உதவி. ரெண்டு நிமிஷ வீடியோ ஒண்ணு அனுப்புங்க. வீடு எப்படி இருக்கு, வசதியா இருக்கீங்களான்னு. அடுத்த குழுவோட வீட்டுக்காரங்களுக்கு போட்டுக் காட்டணும். கொஞ்சம் சிரிச்ச முகமா இருக்கட்டும்."

"தாவூதையும் எடுக்கணுமா சார்?"

"வேண்டாம் வேண்டாம், அவர் ரெஸ்ட் எடுக்கட்டும். நீங்க மட்டும் போதும். பின்னால திரை தெரியிற மாதிரி நில்லுங்க. அந்த இருபத்திரண்டு தெரியணும்."

"சரி சார்."

"பாத்தீங்களா, இப்படிப் பேசினா எவ்வளவு நல்லாருக்கு."

இருபது வருட வேலையில் "சரி சார்" என்று பலமுறை சொல்லியிருக்கிறேன். அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று ஒருவரும் கேட்டதில்லை. பெண் சரி என்றால் சரிதான் என்று எடுத்துக்கொள்வார்கள். இன்று அது எனக்கு வசதியாகப் போயிற்று.

8ஆம் நாள். 08:50

தாவூது 32.9. கூப்பிட்டால் கண் திறக்கிறது, ஆள் வருவதில்லை.

இதை எழுதி முடித்ததும் வெளியே போகிறேன். தகடுகளுக்குக் கீழே, இடுப்பு உயரத்தில், எல்லாக் குழாய்களும் ஒன்றுசேரும் இடம் இருக்கிறது. அங்கே வெட்டினால் அம்மோனியா முழுவதும் வெளியேறிவிடும். சூட்டைத் தூக்கிக்கொண்டு போக ஆள் இருக்காது. அரை நாளில் சுவர்கள் சூடாகும். தாவூதின் உடம்பும் மெல்ல ஏறும்.

அதோடு இந்த வீடு முடிந்தது. வெட்டிய குழாயில் மறுபடி அம்மோனியா நிரப்ப இங்கே வழியில்லை. சூரியன் எழுந்தால் வீட்டுச் சூடு வெளியேற வழியிருக்காது. இரண்டாம் நாளுக்குள் உள்ளே யாரும் உயிரோடு இருக்க முடியாது. ஆகவே அதற்கு முன் கலத்தின் பூட்டை அவர்கள் எடுத்தாக வேண்டும். அந்த ஆறு பேரும் புறப்பட மாட்டார்கள். வீட்டில் ஆள் இருக்கிறது என்று இனி யாரிடமும் காட்ட முடியாது, ஏனென்றால் இருக்க வீடு இருக்காது.

பூட்டை எடுக்காவிட்டால்? அதையும் யோசித்தேன். குளிரில் செத்தால் அறிக்கையில் 22 டிகிரி என்றிருக்கும். அடிபட்ட உடம்பு, பதட்டக்காரப் பெண் என்று எழுதி மூடிவிடுவார்கள். சூட்டில் செத்தால் அவர்களுக்குப் புரியும். அவர்களுக்குத் தெரிந்த பயம் அது ஒன்றுதான்.

தனியாக ஒருவர் வெளியே போகக் கூடாது என்பது விதி. தெரியும். தாவூதிடம் சொல்லவில்லை. நினைவோடு இருந்தால் விட்டிருக்க மாட்டான், கேலி பேசியே கதவை மறித்திருப்பான். பூமியிலும் யாருக்கும் சொல்லவில்லை. அங்கே என் வீடியோவுக்காகக் காத்திருக்கிறார்கள்.

உடை போட்டாயிற்று. குழாய் வெட்டும் கருவி இடுப்பில் இருக்கிறது. கையுறையோடு தட்டுவதால் எழுத்து விட்டுப்போகிறது, படித்துக்கொள்ளுங்கள்.

வெளிக்கதவு திறந்ததும் பூமியில் கட்டுப்பாட்டு அறையில் சிவப்பு விளக்கு எரியும். சிதம்பரநாதன் கூப்பிடுவார். என்னம்மா என்பார்.

ரேடியோவை அணைத்துவிட்டே