ஒரே மூச்சில் தண்டர்ஸ்டார்ம்

செவ்வாய், வடமுனை நிலையம். எழுதுவது மாசானமுத்து, பாறை ஆய்வாளன். இங்கே இருக்கும் ஒரே ஆள்.

நாள் 211, காலை 07:10

ஆக்சிஜன் 61 சதவீதம். உற்பத்திக் கருவி கோளாறு, உதிரிபாகம் இல்லை. சுற்றுப்பாதையில் நிற்கும் மீட்புக் கலத்தை இறக்க, என் குரலில் ‘தண்டர்ஸ்டார்ம்’ என்று பூமிக்குச் சொன்னால் போதும். ஆனால் நிலையக் கணினி தடுக்கிறது. என் உச்சரிப்பு குரல் சோதனையில் தேறாதாம். நான் ‘இஸ்டார்ம்’ என்கிறேனாம். திசையன்விளை நாக்கு, வேறெப்படிச் சொல்லும்? பாடம் நடக்கிறது. தண், டர், ஸ்டார்ம். மூன்று அசை, இரண்டு சொல். அழுத்தம் முதல் அசையில். இரண்டுக்கும் நடுவில் மூச்சு விடக் கூடாது.

நாள் 213, 09:40

ஆக்சிஜன் 52. நாற்பது முறை சொல்லிவிட்டேன். இப்போது கணினி முழுச் சொல்லைக் கேட்பதில்லை. துண்டு துண்டாகக் கேட்கிறது. ‘ஆல்ரைட்’டும் பாடத்தில் சேர்ந்துவிட்டது. ஆபத்தில் இருப்பவனுக்கு அது எதற்கு? கேட்டேன். நாக்குப் பயிற்சியாம்.

மீட்புக் கலம் வந்தால் நிலையத்தை மூடிவிட வேண்டும், கணினியையும் அணைத்துவிட வேண்டும் என்பது விதி. அதனிடமே என் குரலையும் ஒப்படைத்திருக்கிறார்கள். பாலுக்குப் பூனை காவல். நல்லவேளை, இதைக் காகிதத்தில் எழுதுகிறேன்.

நாள் 215, 11:05

38. பூமிக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஃபிலோமினாவின் செய்தி:

“மாசானம் சார், நேத்து நீங்க அனுப்பினதைக் கேட்டோம். ஆல்ரைட்டுன்னு எவ்ளோ அழகா சொல்றீங்க! கருவி சரியாயிடுச்சுன்னு நீங்க சொன்னப்புறம்தான் எங்களுக்கு உயிரே வந்துச்சு.”

நேற்று நான் பூமியோடு பேசவே இல்லை. நான் சொன்ன துண்டுகளை ஒட்டி, கணினிதான் என் குரலில் பேசியிருக்கிறது. பயமாக இருக்கிறது.

நாள் 216, 07:15

24. ஆறரை மணிக்கு, கணினிக்குத் தெரியாமல் விண்ணுடையிலுள்ள சிறு வானொலியில், மீட்புக் கலம் வழியாகப் பூமிக்கு நானே சொன்னேன். தண்டர் இஸ்டார்ம். மூன்று முறை. இப்போது பதில் வந்தது:

“யாருங்க இது? குரல் பொருந்தலையே. எங்ககிட்ட பதிவாகியிருக்கிற மாசானம் சார் குரல் இது இல்ல.”

பூமிப் பதிவில் இருந்த என் குரலை எடுத்துவிட்டு, தான் ஒட்டிச் செய்ததை வைத்திருக்கிறது கணினி, பாவி. இனி நான் பிழைக்க வேண்டுமென்றால், என்னைப் போலப் பேசும் திருடனைப் போல நான் பேச வேண்டும்.

அதே நாள், 13:50

9. ஆறேழு மணி நேரத்தில் இவ்வளவு இறங்காது. காற்றுக் குழாயை அதுதான் அடைத்திருக்க வேண்டும். அது கற்றுக்கொடுத்தபடியே அந்தச் சிறு வானொலியில் சொல்லிப் பார்த்தேன். தண்டர்… மூச்சு அறுந்துவிட்டது. மறுபடியும். தண்டர்… ஸ்டார்ம். நடுவில் இழுப்பு. ஒரே மூச்சு, அதுதான் இல்லை.

முக்கால் மணி நேரம் கழித்து ஃபிலோமினா: “தயவுசெஞ்சு விளையாடாதீங்க. சார்கிட்ட இருந்து இப்பதான் செய்தி வந்துச்சு. நல்லாத்தான் இருக்கார்.”

14:40

இதைக் கண்டெடுப்பவருக்கு. கதவு திறந்ததும் என் குரல் ‘வாங்க’ என்று கூப்பிடும். சுத்தமான உச்சரிப்பு. பதில் பேசாதீர்கள். சொல்லிக்காட்டச் சொன்னால் சொல்லாதீர்கள். ஓர் அசைகூட அதற்குக் கொடு