டோரீன் டீச்சர் தின்ற பல்பம்

காக்ஸ் டவுன், பெங்களூர்
ஜூலை 7

என் தங்கம் லவீனாவுக்கு,

மாதாவின் தயவில் நானும் அப்பாவும் இங்கே சௌக்கியம், அந்த லிவர்பூல் மழையில் நீயும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்றுதான் தினமும் ஜெபமாலையைக் கையில் எடுக்கிறேன். சௌக்கியம் என்று நான் இந்தத் தடவை சும்மா எழுதவில்லை. நேற்று ஞாயிறு பூசைக்குக் கோயில் மாடிப்படி இருபத்திரண்டையும் நிற்காமல் ஏறிப் பாடகர் குழுவில் எல்லோருக்கும் முன்னால் போய் நின்றேன், உன் அப்பா பாதிப் படியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, டோரீன், உனக்கு என்ன பேய் பிடிச்சுதா என்கிறார். எனக்கு ஒரே சிரிப்பு, முதல் பாட்டையே சிரிப்போடுதான் பாடினேன். இதையெல்லாம் போனில் சொன்னால் நீ பாதியிலேயே டாக்டராகிக் கேள்வி கேட்பாய், பக்கத்தில் அப்பா வேறு நிற்பார். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது பார், அதனால்தான் ஸ்பீடு போஸ்ட்.

விஷயத்துக்கு வருகிறேன், முதலில் உட்கார். உன் அம்மா சிலேட்டுப் பல்பம் தின்பவள். ஆமாம், எல்.கே.ஜி. பிள்ளைகள் எழுதும் அதே பல்பம்தான். முப்பத்தொரு வருஷம் டீச்சராக இருந்தேனே, இடைவேளை மணி அடித்தால் மற்ற டீச்சர்கள் பிஸ்கட் எடுப்பார்கள், நான் பீரோ பக்கம் திரும்பிக்கொண்டு ஒரு பல்பத்தைக் கடிப்பேன். அந்த மண் வாசனையும் நறநறவென்ற சத்தமும் இல்லாவிட்டால் எனக்குப் பொழுதே போகாது. ரிடையர் ஆன பிறகு நாகேஷ் கடையில் பெட்டி பெட்டியாக வாங்கினேன், அவர் நான் டியூஷன் எடுப்பதாக நினைத்துக்கொண்டு, எத்தனை பசங்க மேடம் என்று கேட்டார், பன்னிரண்டு என்று சொல்லிவிட்டேன். போன மாதம் அவர் பேத்தியையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லி வந்து நிற்கிறார், இல்லாத டியூஷனில் இடம் இல்லை என்று திருப்பி அனுப்பினேன்! அப்பாவுக்கு இது எதுவும் தெரியாது, உனக்கும் தெரியாது. இரும்புச்சத்துக் குறைவைப் பற்றியே படித்துப் பட்டம் வாங்கிய பெண்ணுக்குத் தெரியாமல் வைத்திருந்தேன் என்றால் என் சாமர்த்தியத்தைப் பார்த்துக்கொள்.

மே மாதக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, ஏதோ ஒரு காலேஜிலிருந்து சர்வே எடுக்க ரக்ஷிதா என்று ஒரு பெண் வந்தாள், சின்னப் பெண், தமிழும் கன்னடமும் கலந்து பேசுகிறாள். நேற்று என்னென்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டாள். உன் அப்பா பிரெட்டும் மிச்சமிருந்த பன்றிக்கறியும் தின்ற மனிதர், கீரை, சுண்டல், பப்பாளி என்று அடுக்குகிறார். பிறகு விரலில் குத்தி ரத்தம் பார்த்தாள், எனக்கு ஹீமோகுளோபின் ஏழரைதான் காட்டியது, டாக்டரைப் பாருங்கள் என்று சீட்டு கொடுத்தாள், நான் அதை ஃப்ரிட்ஜ் மேல் சொருகினேன். கடைசியாக, மண்ணு, சாக்பீஸ், பல்பம், பச்சரிசி ஏதாச்சும் தின்ற பழக்கம் இருக்கா ஆன்ட்டி என்றாள். அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். சீச்சீ, நான் டீச்சரும்மா என்றேன். அவளும் இல்லை என்று குறித்துக்கொண்டு போய்விட்டாள்.

அவள் போன பிறகு எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது. அதற்கு முந்தின வாரம்தானே நீ போனில் அழுதாய். எங்க கணக்கெல்லாம் ஜனங்க சொல்ற பதில் மேலதான் நிக்குதும்மா, அவங்க நெஜத்தைத்தான் சொல்றாங்களான்னு யாருக்குத் தெரியும், இந்த ஆராய்ச்சியில எதுக்கு இன்னும் அஞ்சு வருஷம் என்றாய். நெஜத்தைச் சொல்லாத அந்த ஜனம் நான்தான் என்று உறைத்தது. நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு, ஒரு காலில் என் செருப்பு, இன்னொன்றில் அப்பா செருப்பு, பஸ் ஸ்டாப் வரைக்கும் ஓடினேன். அவள் பஸ்ஸில் கால் வைக்கப் போகிறாள். ரக்ஷிதா, நில்லு, நான் பல்பம் தின்னுவேன் என்று கத்தினேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது! அவள் சிரிக்கவில்லை லவீனா. பஸ்ஸை விட்டுவிட்டு என்னை உட்கார வைத்து, டேப்லெட்டைத் திறந்து, ஒரு நாளைக்கு எத்தனை ஆன்ட்டி என்றாள். ஆறு என்றேன். எங்க வீட்டுக்காரர் சொன்ன கீரையையும் அடிச்சுடும்மா என்றேன். பேஜார் பண்ணிக்காதீங்க ஆன்ட்டி, நெறைய பேர் தின்றாங்க, டாக்டர் கிட்டேயும் இதை வெக்கப்படாம சொல்லுங்க என்று சொல்லி, அடுத்த பஸ் வரும் வரை என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாளே டாக்டர் அனந்தலக்ஷ்மியிடம் போனேன். எல்லாம் சோதித்துவிட்டார்கள், பயப்பட ஒன்றுமில்லை, நீ உடனே டிக்கெட் போடாதே. உடம்பில் இரும்பு தரைமட்டம், பல்பத்து மேல் ஆசையே அதனால்தானாம், போதாததற்கு வயிற்றில் கொக்கிப்புழு, செருப்பில்லாமல் தோட்டத்து மண்ணில் நிற்பேனே, அதில் வந்திருக்கும் என்றார். சத்துக் குறைவும் தொற்றும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வரும் என்று நீ கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டுவாயே, அது உன் அம்மா வயிற்றிலேயே நடந்திருக்கிறது. புழுவுக்கு மருந்து, இரும்புக்கு மாத்திரை. மூன்றாம் வாரம் பல்பத்தைக் கடித்தால் வெறும் கல், தூ என்று துப்பிவிட்டேன்! மூச்சு வாங்குவதெல்லாம் வயதுதான் என்று நினைத்திருந்தேன். அப்பாவிடம் சொல்லிவிட்டேன், இரண்டு நாள் சிடுசிடுவென்று திரிந்தார், மூன்றாம் நாள் அவரே கீரை வாங்கி வந்தார்.

இப்போது உன் சமாசாரம். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குப் போ, இந்த ஆராய்ச்சியை விட்டுத் தொலை என்று உன்னைத் துளைத்தவள் நான்தான், சிவாஜிநகர் மாதா கோயிலில் அதற்காக மெழுகுவர்த்திகூட ஏற்றினேன். போன வாரம் திரும்பப் போய், தாயே, முன்னால் கேட்டதை எடுத்துக்கொள்ளாதே என்று சொல்லிவிட்டு வந்தேன். ஜனங்கள் பொய் சொல்வார்கள் கண்ணு, நானே சொன்னேன். ஆனால் ரக்ஷிதா வரும்வரை இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வியை என்னிடம் ஒருத்தரும் கேட்டதில்லை. டாக்டர் இல்லை, அப்பா இல்லை, நீயும் இல்லை. எங்கேயோ உன்னைப் போல ஒருத்தி உட்கார்ந்து, இதையும் கேளுங்கள் என்று அந்த ஒரு வரியைச் சேர்த்திருக்கிறாள். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றாயே, அந்த ஐந்து வருஷ வேலைக்குச் சரி என்று எழுதிவிடு. அம்மா முழு மனதோடு சொல்கிறேன்.

சேசு உன் கூடவே இருக்கட்டும், மாதா உன் தலைமேல் கை வைத்துக் காக்கட்டும். சாப்பிட்ட கையோடு டீ குடிக்காதே, இரும்பு உடம்பில் ஒட்டாதாம். இன்னும் ஒன்று. கிறிஸ்துமஸுக்கு வந்தபோது நீ ஐஸ் ட்ரேயைக் காலி செய்து காலி செய்து கடகடவென்று மென்றுகொண்டிருந்தாய், லிவர்பூல் குளிரில் இருந்து வந்த பிள்ளைக்கு நம் ஊர் டிசம்பரே வெயிலாக இருக்கிறது என்று நினைத்தேன். ஐஸ் தின்பதும் அதே குறைவால் வரலாம் என்று அனந்தலக்ஷ்மி சொன்னார். ஊர் ரத்தத்தையெல்லாம் எண்ணுகிறாயே, உன் ரத்தத்தைக் கடைசியாக எப்போது பார்த்தாய்? நான் கேட்கிறேன், எனக்கு மட்டும் பொய் சொல்லாமல் எழுது.

ஆயிரம் முத்தங்களுடன்,
உன் அம்மா
டோரீன் ஆம்ப்ரோஸ்