டிரைவர் பக்கத்து சீட்டு

அன்புச் சின்னுவுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியா இருப்பீங்கன்னு நினைச்சுக்கிட்டே எழுத உட்கார்ந்தேன், இங்க நாங்க ரெண்டு பேரும் சுகம், என் முட்டி மட்டும் பஸ்ஸை விட்டு இறங்கியும் இன்னும் பஸ்லயே இருக்கு. போன்ல சொல்லியிருக்கலாம்தான், ஆனா நான் போனை எடுத்தாலே உங்க அப்பா காதைத் தீட்டிக்கிட்டுப் பக்கத்துல வந்து உட்கார்ந்துடறார், அவர் இருக்கும்போது சொல்ற விஷயம் இல்லை இது.

பெரிய மாமாவுக்குக் கண் ஆபரேஷன் ஆச்சே, பார்த்துட்டு வந்தோம். ரயில்ல இடம் இல்லை, காலையில கிளம்பினா பொழுது சாயப் போய்ச் சேர்ற, ஊர் ஊரா நிக்கிற பஸ்தான் கிடைச்சுது. எனக்கு அந்த பஸ் பிடிக்கும்டி. ஜன்னல் கண்ணாடி மூடவும் மாட்டேன் திறக்கவும் மாட்டேன்னு பாதியில நின்னு கடகடங்கும், முன் சீட்டுக் கம்பி முட்டியை இடிக்கும், பாத்ரூமுக்குப் பயந்து தண்ணியே குடிக்காம வரணும், இருந்தாலும் எந்த வீட்டுக் கொடியில என்ன காயுதுன்னு பார்த்துக்கிட்டே போகலாம். அப்பா ஜன்னலோரம், நான் நடுவுல, இந்தப் பக்கம் தையல் கடை வச்சிருக்கிற ஒரு அம்மா. ரெண்டு ஸ்டாப்புக்குள்ள அவங்க மருமகள் கதை பூரா எனக்கு அத்துப்படி, பேரைக் கேக்கத்தான் மறந்துட்டேன்.

அந்தக் கதை சுவாரசியத்துல அப்பாவைக் கவனிக்கலை. காலம் பூரா பஸ் ஓட்டின மனுஷன், ரிட்டயர் ஆன பிறகு இன்னொருத்தர் ஓட்டுற பஸ்ல ஏறினதே இல்லை. கண்டவன் ஓட்டுற வண்டியில நான் உட்காரவான்னு சொல்லிச் சொல்லியே உன் வீட்டுக்கு வர்றதைத் தட்டிக் கழிச்சாரே, அது திமிருன்னு நான் நினைச்சேன். நீ என்னடான்னா, நீயா பார்த்துக் கல்யாணம் பண்ணிக்கிட்ட கோபம் அப்பாவுக்கு இன்னும் தீரலைன்னு போன தடவை போன்ல அப்படி அழுதே. மலைப்பாதை வளைவு ஆரம்பிச்சதும் மனுஷன் பேச்சு நின்னுடுச்சு, வலது கால் மட்டும் இல்லாத பிரேக்கை மிதிச்சுக்கிட்டே இருக்கு. என்னங்கன்னு கேக்கிறதுக்குள்ள மாமாவுக்கு வாங்கின பிஸ்கட் பையைப் பிடுங்கி, எழுதவே கூச்சமா இருக்கு, அதுலயே வாந்தி எடுத்துட்டார். தையல் கடை அம்மா எலுமிச்சம்பழத்தை நீட்டி, பாவம் பஸ்ஸே பழக்கம் இல்லை போலிருக்குன்னு சொன்னாங்க பாரு, சிரிக்கிறதா அழறதான்னே தெரியலை எனக்கு.

டீக்கு நிறுத்தின இடத்துல முகம் கழுவ வச்சுக் கேட்டேன். சின்ன வயசுல இருந்தே இப்படித்தானாம், ஸ்டீயரிங்கைப் பிடிச்சா ஒண்ணும் பண்ணாதாம், பின்னாடி உட்கார்ந்தா குடலைப் புரட்டுமாம். டிரைவருக்கே வாந்தின்னா ஊர் சிரிக்கும்னு இத்தனை வருஷம் என்கிட்ட கூட மூச்சு விடலை. அப்போ நீ அழுததைச் சொன்னேன். டீ கிளாஸோட அப்படியே நின்னுட்டார். கோபம்னா நினைச்சுட்டா, நான் எப்பவோ மறந்தாச்சேன்னார், கையில இருந்த டீ ஆறிப் போச்சு.

அப்புறம் அவரே போய் டிரைவர்கிட்ட காதோடு காதா விஷயத்தைச் சொன்னார். அந்தத் தம்பி சிரிக்கவே இல்லை, எனக்கும் இதே கதைதாண்ணேன்னு சொல்லித் தன் பக்கத்து சீட்டுல உட்கார வச்சுக்கிட்டான். முன்னாடி ரோட்டைப் பார்த்துக்கிட்டே வந்ததுல அப்புறம் ஒரு தொந்தரவும் இல்லை, எங்க கியர் மாத்தணும்னு அப்பா சொல்லிக்கிட்டே வந்ததுதான் அந்தப் பிள்ளைக்குத் தொந்தரவு.

நேத்து அவரே போய் உன் ஊர் பஸ்ஸுக்கு முன் சீட்டா ரெண்டு எடுத்துட்டு வந்துட்டார், வர்ற சனிக்கிழமை கிளம்பறோம். தடபுடலா எதுவும் சமைக்க வேண்டாம்னு மாப்பிள்ளைகிட்ட சொல்லு, வயித்துக்கு லேசா ஏதாவது போதும். வாந்தி விஷயம் தெரிஞ்ச மாதிரி மட்டும் காட்டிக்காதே, என்னை வெட்டிப் போட்டுடுவார்.

ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் விட்டுக்கொடுக்காம நீண்ட ஆயுசோட சந்தோஷமா இருக்கணும். சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நில்லு, மறந்துடாதே. இறங்கும்போது அவர் மூஞ்சி உர்ருன்னு இருந்தா உடனே கண்ணைக் கசக்கிடாதேடி, அது கோபம் இல்லை, வயிறு.

உன்னைப் பார்க்கப் பறக்கிற,
அம்மா