நீலத் தவளைகளுக்கு ஒரு வீடு

லெஸ்டர், இங்கிலாந்து
15.02.2026

அன்பு ராணிக்கு,

விஜி எழுதுகிறேன். நான் சுகம். உன் சுகத்தை உன் கையெழுத்திலேயே பார்க்க ஆசை. போனில் பேசினால் ஐந்து நிமிடத்தில் சிக்னல் போகிறது, போகாவிட்டால் சண்டை வருகிறது, கடிதமே எழுதுவோம் என்று சொன்னது நீதான். எனக்கும் சம்மதம். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

சிரிக்காமல் வாசி. நான் தவளை வளர்க்கப் போகிறேன். முதியோர் இல்லத்தில் என்னோடு வேலை செய்த பெண் வேறு ஊருக்குப் போகும்போது ஒரு பெரிய கண்ணாடிப் பெட்டியைத் தந்துவிட்டுப் போனாள். அம்புத் தவளைக்கென்று செய்த பெட்டி. தென் அமெரிக்கக் காட்டுத் தவளை, கட்டைவிரல் அளவுதான். காட்டில் இருந்தால் தோலில் விஷமாம். பெட்டியிலேயே பிறந்து வளர்ந்ததற்கு விஷம் கிடையாது, பயப்படாதே.

கடையில் இரண்டு வகை பார்த்தேன். ஒன்று மஞ்சளில் கறுப்புப் பட்டை, மற்றது நீலத்தில் கறுப்புப் புள்ளி. ஒரு ஜோடி எடுக்கலாம் என்றிருக்கிறேன். எந்த நிறம் என்று நீ சொல்.

நாள் முழுக்க வயதானவர்களைக் குளிப்பாட்டி, ஊட்டி, தூக்கி உட்காரவைத்துவிட்டு அறைக்கு வந்தால் என்னோடு பேச ஒரு உயிர் இல்லை. மனம் உன்னைத் தேடுகிறது, ராணி.

உன்
விஜி


நோட்டன் பிரிட்ஜ், இலங்கை
05.03.2026

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

உங்கள் கடிதத்தைப் பள்ளிக்கூடத்தில் வைத்துப் பிரித்தது என் தப்பு. என்னோடு படிப்பிக்கும் டெல்சி டீச்சர் தோளுக்கு மேலே எட்டி வாசித்துவிட்டார். இப்போது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் வரைக்கும் செய்தி போய்விட்டது. பக்கத்துக் காம்பரா வீட்டு நாகலெட்சுமி அக்கா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "என்னா ராணி, ஒன் வீட்டுக்காரரு தவளைக்கா சீமைக்குப் போனாரு? இங்க பீலித் தண்ணிக்கரைக்கு வரச் சொல்லு, சாக்கு நெறைய அள்ளித் தாறேன்."

நீலத்தையே எடுங்கள். மஞ்சளும் கறுப்பும் என்றால் எனக்குக் குளவிதான் ஞாபகம் வருகிறது. போன வாரம் மேல் மலையில் கொழுந்து பறிக்கும்போது குளவி கொட்டி ஆறு பேரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

பெட்டிக்குள் அடியில் சரளைக்கல் போடுங்கள், தண்ணீர் தேங்காது. அதற்கு மேலே மண், பிறகு சருகு. தண்ணீர் கொட்டும் நம் பீலிக்குப் பின்னால் கல்லில் பாசி படர்ந்து, இடுக்கில் பன்னச்செடி தொங்குமே, அந்த மாதிரி ஒரு பக்கச் சுவரை அமைத்துக் கொடுங்கள். சூடேற மட்டும் விடாதீர்கள். மழையும் குளிரும்தானே தவளைக்கு உயிர்! ஜன்னலைத் திறந்தே வையுங்கள்.

ஒப்பந்தம் முடிந்து நீங்கள் ஊருக்கு வரும் செப்டெம்பருக்கு இன்னும் ஆறு மாதம். அப்போது தவளைகளை யாரிடம் கொடுத்துவிட்டு வருவது என்று இப்போதே யோசித்து வைத்தால் நல்லது. சாப்பாட்டைத் தட்டிக்கழிக்காதீர்கள்.

உங்கள்
ராணி


லெஸ்டர்
29.03.2026

அன்பு ராணிக்கு,

நீ சொன்ன நீலம் வந்துவிட்டது! இரண்டும் ஒரு சிரட்டைக்குள் அடங்கும். மெய்யாகவே சிரட்டையில்தான் குடியிருக்கின்றன. தமிழ்க் கடையில் தேங்காய் வாங்கிச் சம்பல் அரைத்துச் சாப்பிட்டுவிட்டு, சிரட்டையில் வாசல் வெட்டிக் கவிழ்த்து வைத்தேன். சருகு, பாசி, பன்னம் எல்லாம் நீ எழுதியபடியே. காலையும் மாலையும் நான்தான் மழை, கையில் தெளிப்பான். கண்ணாடியில் ஆவி படியும்போது நம் மலையில் பனி இறங்குகிற மாதிரியே இருக்கிறது. ஜன்னலையும் திறந்தே வைத்திருக்கிறேன்.

தீனிக்கு இறகில்லாத குட்டி ஈக்கள். கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

ஒரே ஒரு சங்கடம். சின்னதில் ஆண் எது, பெண் எது என்று தெரியாதாம். அடுத்த வருடம் இந்த நேரம் முன்கால் விரல் நுனியைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றாள் கடைக்காரி. ஆணுக்கு அகலமாக இருக்குமாம். இரண்டும் பெண்ணாகப் போனால் அடித்துக்கொள்ளும், அப்போது ஒன்றை மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். ஜோடி சேர்ந்துவிட்டால் அடுத்த வருடம் முட்டையும் இடலாம்.

பெயர் நீ வை.

உன்
விஜி


நோட்டன் பிரிட்ஜ்
18.04.2026

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

வருடப்பிறப்புக்குப் பொங்கி, உங்கள் பங்கையும் இலையில் வைத்து, பிறகு நானே சாப்பிட்டேன்.

உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். முதல் தரம் சிரித்தேன். இரண்டாம் தரம் சிரட்டை வாசலில் அவை எட்டிப் பார்ப்பதை நினைத்து ஆசைப்பட்டேன். மூன்றாம் தரம் ஒரு வரியிலேயே நின்றுவிட்டேன். அடுத்த வருடம் இந்த நேரம் விரல் நுனியைப் பார்க்கப் போவது யார்? நீங்கள் இங்கே அல்லவா இருப்பீர்கள்?

யோசிக்காமல் எழுதிவிட்டீர்கள் என்றே நினைக்கிறேன். ஒரு வரி பதில் போடுங்கள், மனம் ஆறும். பெயரை அதற்குப் பிறகு வைக்கிறேன்.

உங்கள்
ராணி


லெஸ்டர்
10.05.2026

அன்பு ராணிக்கு,

இரண்டு வாரமாக என் உயிர் என்னிடம் இல்லை. பெரியது தின்னாமல் சருகுக்கடியில் ஒடுங்கிவிட்டது. தொட்டாலும் அசையவில்லை. கடைக்காரிக்குப் படம் அனுப்பினேன். "பெட்டிக்குள் என்ன சூடு வைத்திருக்கிறாய்?" என்று கேட்டாள். பதினைந்து பாகை என்றேன். கத்தினாள்! அதன் காட்டில் மழையே வெதுவெதுப்பாகத்தான் பெய்யுமாம், இருபத்துநான்கு வேண்டுமாம். மழை என்றால் குளிர் என்று நம்புகிற ஆட்கள் உலகத்தில் நீயும் நானும்தான் போல. நோட்டன் பிரிட்ஜைக் கட்டிக் கொடுத்து அதைக் கொல்லப் பார்த்தோம்.

ஜன்னலைச் சாத்தி, கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேற்றினேன். நேற்று ஒரு ஈயைப் பிடித்தது. நான் அழுதேன் என்றால் நம்புவாயா?

இங்கே வேலை அதிகம். மற்றது பிறகு எழுதுகிறேன்.

உன்
விஜி


நோட்டன் பிரிட்ஜ்
28.05.2026

வீட்டுக்காரருக்கு,

தவளை பிழைத்ததில் சந்தோஷம். தவறான யோசனை சொன்னதற்கு என்னை மன்னியுங்கள்.

ஒரு பக்கம் முழுக்க அதன் காய்ச்சலை எழுதியிருக்கிறீர்கள். நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. டெல்சி டீச்சரின் போனில் தேடிப் பார்த்தேன், அவை பத்துப் பதினைந்து வருடம் இருக்குமாம். செப்டெம்பரில் ஊருக்கு வருகிறவர் அதை வாங்குவாரா?

நீங்கள் வருகிறீர்களா, இல்லையா?

ராணி


லெஸ்டர்
14.06.2026

ராணி,

வரவில்லை. ஜனவரி கடைசியிலேயே புது வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இன்னும் மூன்று வருடம். இந்த விசாவில் உன்னைக் கூப்பிட வழியில்லை என்று தெரிந்தும் போட்டேன்.

திரும்பி வந்து டவுனில் முன்பு வேலை செய்த அதே துணிக்கடையில் "ஏய் இங்க வா" என்று கூப்பிடுகிற குரலுக்குப் போய் நிற்க எனக்கு மனம் வரவில்லை. இங்கே பெயரைச் சொல்லி நன்றி சொல்கிறார்கள். அதற்கு மயங்கிவிட்டேன். கையெழுத்துப் போட்ட அன்று அறைக்கு வந்து நான்கு சுவரையும் பார்த்தேன், பயமாக இருந்தது. தவளை அதற்குத்தான். ஒவ்வொரு கடிதத்திலும் சொல்ல நினைத்து, உன் பதில் நின்றுவிடுமோ என்று தவளையைப் பற்றியே எழுதினேன்.

நீ சொன்னால் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு அடுத்த விமானத்தில் வருகிறேன்.

விஜி


நோட்டன் பிரிட்ஜ்
05.07.2026

விஜிதரனுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. கோபம் அடங்கட்டும் என்று ஒரு வாரம் எழுதவில்லை. அடங்கவில்லை, எழுதுகிறேன்.

மூன்று வருடம் என்பது எனக்குப் பெரிதில்லை. துணிக்கடையில் நீங்கள் பட்ட அவமானம் எனக்குத் தெரியாதா? "ராணி, எனக்கு வர மனமில்லை" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அழுதுவிட்டு, இருங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். தவளையின் நிறத்துக்கு என் விருப்பத்தைக் கேட்டீர்கள். என் மூன்று வருடத்துக்குக் கேட்கவில்லை. எங்கோ ஒரு பெட்டிக்குள் நம் பீலிக்கரையை நான் வரி வரியாக எழுதி அனுப்பிக்கொண்டிருந்தேன், நீங்கள் அங்கேயே தங்குவதற்கு என்று தெரியாமல்.

நான் சொன்னால் வருவேன் என்கிறீர்கள். அப்படி வர வேண்டாம். நாளைக்கு ஒரு மனத்தாங்கல் வந்தால் நீ கூப்பிட்டுத்தான் வந்தேன் என்பீர்கள். வாங்கிய உயிர்களைக் கைவிடவும் வேண்டாம், அவை என்ன பாவம் செய்தன?

டயகமப் பக்கம் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு டீச்சர் கேட்டார்கள். தங்க அறையும் உண்டு. சரி என்று சொல்லிவிட்டேன். வரும் முதலாம் திகதி சாமான்களை ஏற்றுகிறேன். உங்கள் உடுப்புகளை மடித்துப் பெட்டியில் வைத்து நாகலெட்சுமி அக்காவிடம் கொடுத்திருக்கிறேன்.

உங்களைத் தேடாமல் இருக்க இன்னும் பழகவில்லை. கதவு தட்டும் சத்தம் கேட்டால் இப்போதும் எழும்புகிறேன். அதை மறைத்து எழுத எனக்குத் தெரியாது.

என்றைக்காவது ஊருக்கு வர நினைத்தால், வருகிறேன் என்று எழுதாதீர்கள். வரட்டுமா என்று கேட்டு எழுதுங்கள். என்ன பதில் போடுவேன் என்று எனக்கே இப்போது தெரியாது.

ஜீவராணி