நிறையும் திணிவும்

முரசுமோட்டை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் நிருஷனுக்கு,

இங்கே எங்கள் உடம்புக்கு ஒரு குறையுமில்லை, அந்தக் குளிரில் நீயும் சுகமாய் இருக்க வற்றாப்பளை அம்மாளை மன்றாடுகிறேன். லீவில் வந்த ரஜிதன் சுவிசுக்குத் திரும்புகிறான், மிளகாய்த்தூளோடு இதையும் கொடுத்துவிடுகிறேன். போனில் சொல்லலாம்தான், ஆனால் தங்கச்சி எந்நேரமும் பக்கத்தில் நிற்கிறாள், விசயமும் அவளைப் பற்றியது. அப்பா மழையென்றும் பாராமல் வயலே கதியென்று கிடக்கிறார், முழங்காலுக்கு எண்ணெய் பூசச் சொன்னால் கேட்டால்தானே.

மகன், தாட்சாயினி சோதனை எழுதமாட்டாளாம். கார்மென்ற்ஸ் தொழிற்சாலையில் தைக்க ஆள் எடுக்கிறார்கள், அடுத்த மாதம் போகப் போகிறாளாம். இரசாயனத்தில் மூல் கணக்கு வரவில்லையென்று உன்னிடம் கேட்டாளே, அதில் தொடங்கியது. முதலில் நிறையை எடு, பிறகு மூலர்த்திணிவால் பிரி என்று நீ நல்ல மனதோடுதான் சொல்லிக்கொடுத்தாய். அவள் அனுப்பிய விடையெல்லாம் பிழைத்துப்போக, "பிரிக்கவே தெரியாத மொக்குக்கு என்னத்துக்கு சயன்ஸ்?" என்று போனில் ஏசினாய். குசினியில் சமைத்துக்கொண்டு நின்ற எனக்கே கேட்டது. அன்றோடு புத்தகமெல்லாம் அலுமாரிக்குள் போய்விட்டது.

மனம் பொறுக்காமல் அவளை இரசாயனம் படிப்பிக்கிற பிரஷாந்தினி ரீச்சர் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனேன். பதினெட்டுக் கிராம் தண்ணீர் எத்தனை மூல் என்று ரீச்சர் கேட்டா. தண்ணீரின் மூலர்த்திணிவும் பதினெட்டாம், ஆகவே ஒன்று வரவேண்டுமாம். இவள் பத்து என்றாள். ஏன் பத்தால் பெருக்கினாய் என்று கேட்க, நிறை வேண்டுமென்றால் திணிவைப் புவியீர்ப்பால் பெருக்கவேண்டும், பௌதிகத்தில் அப்படித்தானே என்றாள். ரீச்சர் சிரிக்கவில்லை. கடையில் நிறுப்பதை நாங்கள் நிறை என்போம், பாடத்தில் அதற்குப் பெயர் திணிவாம், அந்தக் கிராமை அப்படியே பிரித்தால் சரியாம். "பிள்ளைக்குக் கணக்குப் பிழைக்கேல்லை, சொல்லுத்தான் பிழைச்சது" என்றா. பள்ளிக்கூடச் சொல் உனக்கு மறந்துபோனதை நான் குற்றம் சொல்லவில்லை. ஏசினாயே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

இப்போது கணக்கு அவளுக்கு விளங்கிவிட்டது. ஆனாலும் அண்ணாவே மொக்கு என்ற பிறகு எழுதி என்ன என்கிறாள். நான் சொல்லியும் எடுபடவில்லை, அப்பா சொல்லியும் எடுபடவில்லை. நீ போன் எடுத்து, பிழை உன்னுடையது என்று அவளிடமே சொல்லு. தங்கச்சியிடம் சொல்வதால் உன் மரியாதை ஒன்றும் குறைந்துவிடாது.

நேரத்துக்குச் சாப்பிடு, வேலைக்குப் போகையில் காதை மூடிக்கொண்டு போ. அம்மாள் உன்னைக் கைவிடமாட்டா. இன்னொன்றும் நீ அறியவேண்டும். இப்படி யார் சொல்லித்தந்தது என்று ரீச்சர் கேட்டா. நான் வாய் திறக்க முன்னமே, "ஒருத்தரும் இல்லை ரீச்சர், நானாத்தான் பிழையா விளங்கினனான்" என்றுவிட்டாள்.

உன் அம்மா,
கமலாசனி