மாதாவின் காலடியில் தங்கிய சூடு

தொலைபேசியில்கூட "ஓம்", "சரி" என்ற இரண்டு சொற்களுக்கு மேல் செலவழிக்காத என் அன்பு அப்பாவுக்கு,

இன்று காலை எழுந்ததும், முகம்கூடக் கழுவாமல், என் மேல்வீட்டிலிருந்து அம்மாவின் கீழ்வீட்டுக்கு இறங்கிப் போய், நீங்கள் செய்த மரப்பெட்டியின் முன் முழந்தாளிட்டேன். செபிக்க அல்ல, அதன் கம்பிவலையில் கை வைத்துப் பார்க்க. இதமான காற்று விரல்களுக்கிடையே வந்தது. சுவரிலிருந்த வெப்பமானி இருபத்தொன்று காட்டியது.

நீங்கள் இல்லாத முதல் குளிர்காலம் இது. ஜனவரி முழுவதும் முன்னறை பதினேழுக்கு மேல் ஏறவில்லை. முந்தியும் அப்படித்தான் இருந்திருக்கும். நீங்கள் இருவரும் எந்நேரமும் சமையலறையிலேயே இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. இப்போது அம்மா முன்னறை யன்னலடியில், இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, நாள் முழுக்கத் தெருவைப் பார்த்தபடி இருக்கிறார்.

பிழை உங்கள் பெட்டியில்தான், அப்பா. வீட்டைச் சூடாக்கும் பழைய இரும்பு ரேடியேற்றர் வடிவாக இல்லை என்று அதை மரப்பெட்டியால் மூடினீர்கள். மேலே மாதா சொரூபத்தை வைத்தீர்கள். மெழுகுதிரி உருகி உள்ளே சொட்டிவிடும் என்று மேல்பலகையில் ஒரு துளைகூட விடவில்லை. அம்மா விரித்த லேஸ் துணி முன்பக்க வலையிலும் பாதியை மறைத்தது. சூடு எந்த வழியால் வெளியே வரும்? மாதாவின் காலடி மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது.

தம்பி ரொறன்ரோவிலிருந்து தொலைபேசி எடுத்தான். "அக்கா, அந்தப் பெட்டியை உடைச்சு எறியுங்கோ. இல்லாட்டி அம்மாவை என்னோட அனுப்புங்கோ. சனிக்கிழமை வாறன்."

இரண்டும் என்னால் முடியாது. பெட்டியில் கை வைக்க அம்மா விடமாட்டார். அம்மாவை அனுப்ப எனக்கு மனமில்லை. இணையத்தில் தேடித்தேடி வாசித்தேன். கணினிக்குள் சுழலும் சின்ன விசிறிகள் மூன்றை வாங்கி, ஒரு மெல்லிய பலகையில் வரிசையாகப் பூட்டி, ரேடியேற்றருக்கு அடியில் மேல்நோக்கி வைத்தேன். அவை தரையின் குளிர்காற்றை இழுத்து, இரும்பின் இடுக்குகளுக்குள்ளால் மேலே தள்ளி, வலையால் வெளியே விடும். லேஸையும் மடித்துவிட்டேன்.

"குளிருக்கு ஃபான் போடுறீங்களோ? நல்ல படிப்புத்தான் படிச்சனீங்கள்" என்று தம்பி தொலைபேசியில் சிரித்தான்.

"அவன் கிடக்கட்டும்" என்றார் அம்மா. "ஆனா பிள்ளை, கீழயிருந்து காத்தடிச்சா மாதாவுக்குத் தடிமன் பிடிக்காதோ?"

முதல் நாள் பத்தொன்பது. இன்று இருபத்தொன்று. தம்பியை வென்றுவிட்டேன் என்றுதான் வலையில் கை வைத்தபடி நினைத்தேன்.

அப்போது அம்மா ஸ்வெட்டர் இல்லாமல் வந்தார். கழற்றி மடித்ததைக் கையில் வைத்திருந்தார். எனக்குக் காலை வணக்கம்போல ஒரு சிரிப்பு. திரும்பி அறைக்குள் போனவரின் பின்னால் நானும் போனேன். கட்டிலில் சூட்கேஸ் திறந்து கிடந்தது. செபப்புத்தகம், பிறஷர் மருந்து, உங்கள் படம். ஸ்வெட்டரை அவற்றின்மேல் வைத்தார்.

"அம்மா, போகப் போறீங்களோ?"

"இல்லையே. சும்மா அடுக்கிப் பாத்தனான்."

"இப்ப குளிரேல்லைத்தானே?"

"குளிர் ஆருக்குப் பிள்ளை பிரச்சினை? அங்க பேரப்பிள்ளையள் கத்தும், சண்டை பிடிக்கும். இஞ்ச நீ வேலைக்குப் போனா எனக்குக் கதைக்க ஆளில்லை." சூட்கேசின் மூடியைத் தடவிக்கொண்டு நின்றார். "உன்னைத் தனிய விட்டிட்டுப் போறன் எண்டு எப்பிடிச் சொல்லுறது?"

"பாப்பம் அம்மா" என்று சொல்லிவிட்டு மேலே வந்துவிட்டேன்.

அம்மாவுக்காகத்தான் விசிறி பூட்டுகிறேன் என்று நினைத்தேன். உண்மையில் யாருக்காக, அப்பா? வேலை முடிந்து பனிக்குள் நடந்து வரும்போது கீழ்வீட்டு யன்னலில் வெளிச்சம் தெரிய வேண்டும் என்பது யாருடைய தேவை? அம்மா எனக்காகத் தனிமையைப் பொறுத்துக்கொண்டு இருந்திருக்கிறார். நான் குளிரை மட்டும் அளந்துகொண்டிருந்தேன்.

சனிக்கிழமை தம்பி சண்டைக்கு ஆயத்தமாக வருவான். அவன் வாய் திறக்க முதல் அம்மாவின் சூட்கேஸை நானே தூக்கிக்கொண்டு போய் அவன் காரில் வைக்கப் போகிறேன். இதை இன்னும் ஒருவரிடமும் சொல்லவில்லை, அம்மாவிடமும்தான்.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அம்மா காரில் ஏறும்போது நான் அழமாட்டேன். அழுதால் அவர் இறங்கிவிடுவார்.

என்றும் உங்கள்
மூத்தவள்