அண்ணாவின் பெயரில் போன கடிதம்

நவம்பர் 12, செவ்வாய்

இல்லை, அவரிடம் கேட்கவில்லை. நியூ ஜேர்சியில் இருக்கும் பெரியம்மாவின் மகன் ரகு அண்ணா, ஓம் என்றுதான் சொல்வார் என்று நினைத்தேன். இங்கே மல்வேர்னில் இருக்கும் எங்கள் தமிழ்ச் சங்கம், ஊரில் நடந்ததற்கு நீதி கேட்டு அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர்களுக்கு அனுப்பிய கடிதங்களில் ஒன்றில் அவருடைய பெயரையும் முகவரியையும் நானே நிரப்பினேன். எல்லாக் கடிதங்களிலும் முதல் வரி ஒன்றுதான்: ‘உங்கள் தொகுதியின் வாக்காளராகிய நான்.’

இன்று அண்ணா அழைத்தார்.

“நான் எழுதாத கடிதத்துக்கு நன்றி சொல்லிக் காங்கிரஸ்காரரிட்டை இருந்து பதில் வந்திருக்கு. நீதானேடி? எனக்குக் கிறீன் காட் மட்டும்தான், வோட்டுப் போடுற உரிமை இல்லை. வாற மாதம் சிற்றிசன் இன்ரவியூ. வாக்காளன் எண்டு எப்பவாவது சொன்னனீரோ எண்டு கேப்பாங்கள். நான் என்னத்தைச் சொல்ல?”

சங்கத் தலைவர் அங்கிளிடம் சொன்னேன். சிரித்தார்.

“பயப்பிடாதையும் பிள்ளை. கடிதம் போட்ட ஆக்களின்ரை பட்டியல் இப்ப அமெரிக்காவிலை ரெண்டு கட்சிக்காரரிட்டையும் இருக்கு. உதிலை ஆர் ஒவ்வொரு பேரா வாசிக்கப்போகினம்?”

ரெண்டு கட்சியிடமும். அதை ஆறுதலாகத்தான் சொன்னார்; அண்ணாவின் பெயர் இன்னும் பரவிவிட்டது என்றுதான் எனக்குக் கேட்டது.

வகுப்பில் இந்தக் கடித வேலையைக் குரலற்றவர்களின் குரல் என்று எழுதி நல்ல புள்ளி வாங்கியவள் நான். அண்ணாவுக்குக் குரல் இருந்தது. நான் கேட்கவில்லை.

எழுதியது நான், அவருக்கு ஒன்றும் தெரியாது என்று என் பெயரும் மல்வேர்ன் முகவரியும் போட்டு பதில் அனுப்பிய காங்கிரஸ் உறுப்பினரின் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். அது போய்ச் சேர்ந்த பிறகுதான் அவர் பெயரை யாராவது தேடிப் பார்ப்பார்களோ, தெரியவில்லை. அதனால் அங்கே அனுப்பவில்லை. அண்ணாவுக்கு மட்டும் அனுப்பி, லோயரிடம் காட்டச் சொன்னேன்.